அப்டேட்டுக்குப் பிறகு தவழத் தொடங்கிய வீட்டுக் கணினி: செந்தூலில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கோலாலம்பூர் செந்தூலில் ஓர் அடுக்குமாடி வீடு. அங்கே ஒரே மடிக்கணினியை மூன்று பேர் பயன்படுத்துகிறார்கள். ஒருவர் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. ஆரம்பப்பள்ளியில் எனக்குப் பாடம் எடுத்தவர். இன்றும் நான் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். அடுத்தவர் அவருடைய மருமகள். வீட்டிலேயே பலகாரம் செய்து விற்கிறார். ஆர்டரும் கணக்கும் அந்தக் கணினியில்தான். மூன்றாவது பேரன், படிவம் நான்கில் படிக்கிறான். நான் ஓர் அலுவலகத்தில் கணினிப் பராமரிப்பு வேலை பார்ப்பவன்.

கணினி 2018 இறுதியில் வாங்கியது. இன்டெல் எட்டாம் தலைமுறை ஐ5 பிராசசர், 4 ஜிபி ரேம், நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றும் 1 டிபி ஹார்ட் டிஸ்க். வாங்கியபோது விண்டோஸ் 10 இருந்தது.

உள்ளே இருந்த கோப்புகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பின்னால் எடுத்த முடிவுகளில் பாதி அவற்றை ஒட்டியே எடுக்கப்பட்டவை. 1990களில் டீச்சர் விடுமுறை நாள்களில் சிலாங்கூர் ரப்பர்த் தோட்டங்களுக்குப் போய், வயதான பெண்கள் பாடிய தாலாட்டு, ஒப்பாரி, கும்மிப் பாட்டுகளைக் கேசட்டில் பதிவு செய்திருக்கிறார். அறுபது கேசட்டுக்கு மேல். பாடியவர்களில் அநேகமாக யாரும் இன்று இல்லை. தோட்டங்களும் வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டன. கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றிய சில ஆண்டுகளில் பெரும்பாலானவற்றில் பூஞ்சை ஏறிப்போனது, தூக்கிப்போட்டுவிட்டார்கள். ஆக, சுமார் 40 ஜிபி ஒலிக்கோப்புகள் அந்த ஒரே ஹார்ட் டிஸ்கில். பாட்டு வரிகளையெல்லாம் யூனிகோடு பரவுவதற்கு முந்தைய காலத்தில் முரசு அஞ்சல் மென்பொருளில் தட்டச்சு செய்து வைத்திருந்தார், திஸ்கி என்ற பழைய எழுத்துக் குறியீட்டு முறையில். அந்த எழுத்துருக்கள் கணினியில் இல்லாவிட்டால் அந்த ஆவணங்களைத் திறந்தால் வெறும் கிறுக்கலாகத்தான் தெரியும்.

வேறு எங்கும் நகல் இல்லை.

அப்டேட்டும் அதன்பின் மூன்று வாரமும்

விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. திரையில் அந்த அறிவிப்பு வந்துகொண்டே இருந்ததால், தீபாவளி முடிந்து இரண்டாம் நாள், அக்டோபர் 22 அன்று, பேரன் விண்டோஸ் 11க்கு மாற்றினான். கணினி அதற்குத் தகுதியானதுதான்: எட்டாம் தலைமுறை பிராசசர் ஏற்கப்பட்ட பட்டியலில் இருக்கிறது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அம்சம் இருக்கிறது, 4 ஜிபி ரேம் என்பது குறைந்தபட்ச வரம்பு. 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்டுகளை மட்டும் பெற்றுக்கொண்டு விண்டோஸ் 10லேயே இருக்க வழி இருந்தது என்பது வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் இந்த நிகழ்வு வேறு மாதிரி முடிந்திருக்கும் என்று சொல்ல மாட்டேன். காரணம் பின்னால் வரும்.

மாற்றிய நாளிலிருந்தே மெதுவானது. சுவிட்சைப் போட்டால் பிரவுசர் திறக்க ஒன்பது, பத்து நிமிடம். கணக்குக் கோப்பைத் திறந்தால் திரை வெளுத்து நிற்கும். மருமகள் ஆர்டர்களை மறுபடி நோட்டுப்புத்தகத்தில் எழுதத் தொடங்கிவிட்டார்.

இந்த மூன்று வாரத்தில் வீட்டில் செய்து பார்த்தவை: 'கணினியை வேகமாக்கும்' இலவச மென்பொருள் ஒன்று, கூடுதலாக இன்னொரு ஆன்டிவைரஸ், ஒரு காணொளியைப் பார்த்து, ஹார்ட் டிஸ்கை ஒழுங்குபடுத்தும் டிஃப்ராக் வேலையை இரவு முழுக்க ஓடவிட்டது. ஒரு கடையில் காட்டியபோது, ஏழு வருடக் கணினி, புதிதே வாங்கிவிடுங்கள் என்று 2,600 ரிங்கிட்டுக்கு ஒன்றைக் காட்டியிருக்கிறார்கள். பழைய விண்டோஸுக்குத் திரும்ப நினைத்தபோது அந்த வசதியும் போய்விட்டது. மாற்றிய பத்து நாளுக்குள் மட்டுமே அது கிடைக்கும்.

முதல் வருகை: நவம்பர் 15

சனிக்கிழமை காலை போனேன். கடிகாரம் வைத்துப் பார்த்ததில், சுவிட்ச் போட்டதிலிருந்து பிரவுசர் பயன்பாட்டுக்கு வர 9 நிமிடம் 40 நொடி.

கணினியின் எந்தப் பகுதி எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரில் பிராசசர் 20 விழுக்காடுகூட வேலை செய்யவில்லை. ரேம் 91 விழுக்காடு நிரம்பியிருந்தது. டிஸ்க் 100 விழுக்காட்டில் அசையாமல் நின்றது. ஆனால் அந்த 100 விழுக்காட்டிலும் நொடிக்கு ஒன்று, இரண்டு எம்பிக்கு மேல் தரவு நகரவில்லை. ஒரு கோரிக்கைக்குப் பதில் வர ஆகும் சராசரி நேரம் 1,800 மில்லிநொடியைத் தொட்டது.

இதை நான் இப்படிப் புரிந்துகொண்டேன். 4 ஜிபி ரேமில் விண்டோஸ் 11 எழுந்து நின்றாலே பெரும்பகுதி போய்விடும். மிச்சத்தில் பிரவுசரைத் திறந்தால் இடம் போதாது. இடம் போதாதபோது விண்டோஸ் ரேமில் உள்ளதைக் கொஞ்சம் டிஸ்கில் இறக்கி வைத்து, வேண்டும்போது திரும்ப எடுக்கும். அதாவது ரேம் பற்றாக்குறை டிஸ்க் வேலையாக மாறும். சுழலும் தட்டும் நகரும் முள்ளும் கொண்ட 5,400 சுற்று ஹார்ட் டிஸ்க், அங்குமிங்கும் சிதறிய சிறு துண்டுகளை நொடிக்கு நூறு முறைகூட எடுத்துக் கொடுக்காது. அதன் மேல் இரண்டு ஆன்டிவைரஸும் ஒரே கோப்பை ஆளுக்கொரு முறை சோதிக்கின்றன. தேடல் பட்டியலை விண்டோஸ் புதிதாகக் கட்டுகிறது. பேரனின் விளையாட்டு மென்பொருள், அச்சுப்பொறி மென்பொருள், அரட்டை மென்பொருள் எல்லாம் கணினியோடு சேர்ந்தே எழுந்திருக்கின்றன.

இந்த விளக்கத்தில் தவறு இல்லை. ஆனால் அது முழு விளக்கம் இல்லை.

அன்று எடுத்த முடிவு மென்பொருள் அளவில் சுமையைக் குறைப்பது. வேகமாக்கும் மென்பொருளையும் கூடுதல் ஆன்டிவைரஸையும் நீக்கினேன். விண்டோஸோடு வரும் பாதுகாப்பே இந்த வீட்டுக்குப் போதும். கணினியோடு எழுந்திருப்பவற்றில் பதினொன்றை நிறுத்தினேன். டிஸ்கில் இடம் தாராளமாக இருந்தது, அதைத் தொடவில்லை. மாலைக்குள் 9 நிமிடம் 40 நொடி, 6 நிமிடமாகக் குறைந்தது. பெரிய அப்டேட்டுக்குப் பின் பின்னணி வேலைகள் ஓரிரு நாள் நடப்பது வழக்கம், வாரம் முழுக்க எரியவிட்டால் இன்னும் குறையும் என்று சொல்லிவிட்டு வந்தேன். ரேம் பற்றிப் பிறகு யோசிக்கலாம் என்றும் சொன்னேன்.

பின்னணி வேலைகள் ஓரிரு நாளில் முடிய வேண்டியவை என்றால், மூன்று வாரம் கழித்தும் ஏன் நடக்கின்றன என்று அன்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. 1,800 மில்லிநொடி என்ற எண்ணிலும் போதுமான நேரம் நிற்கவில்லை. ஹார்ட் டிஸ்க் வேலைப்பளுவில் இருக்கும்போது நூறு, இருநூறு மில்லிநொடி ஆவது இயல்பு. ஏறக்குறைய இரண்டு நொடி, அதுவும் நொடிக்கு இரண்டு எம்பிகூட நகராதபோது, என்பது ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க முயன்று தோற்கும் டிஸ்கின் அடையாளம். அந்த எண் என் கண் முன்னால்தான் இருந்தது.

நவம்பர் 19: தொலைபேசி

புதன் இரவு டீச்சர் கூப்பிட்டார்.

"ஏம்ப்பா, ஒரு பாட்டு திறக்க மாட்டேங்குது. பாதி ஓடி அப்படியே நின்னுடுது."

"என்ன எழுதிக் காட்டுது டீச்சர்?"

"தரவுப் பிழைன்னு என்னமோ. சுழற்சின்னு ஒரு வார்த்தை இருக்கு."

அது சுழற்சி மிகைமைச் சோதனைப் பிழை. டிஸ்க் ஒரு பகுதியைப் படித்துவிட்டு, படித்தது சரியில்லை என்று தானே சொல்கிறது. மென்பொருள் மெதுவாக இருந்தால் இந்தச் செய்தி வராது.

கணினியை உடனே அணைத்துவிட்டு நான் வரும் வரை தொட வேண்டாம் என்று சொன்னேன். டீச்சர் அதிகம் பேசவில்லை. "எந்தப் பாட்டுன்னு உனக்குச் சொல்லவா?" என்று மட்டும் கேட்டார். பந்திங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பதிவான தாலாட்டு.

இரண்டாம் வருகை: நவம்பர் 22

இந்த முறை விண்டோஸை எழுப்பவில்லை. எழுப்பினால் அது தானாகவே டிஸ்கில் எழுதத் தொடங்கும். உபுண்டு லினக்ஸ் உள்ள பென்டிரைவிலிருந்து கணினியை எழுப்பி, ஹார்ட் டிஸ்கைப் படிக்க மட்டுமான நிலையில் இணைத்தேன். முதல் வேலை டிஸ்கின் உடல்நிலைப் பதிவைப் பார்ப்பது. எல்லா ஹார்ட் டிஸ்கிலும் ஸ்மார்ட் என்ற பெயரில் இது இருக்கும்.

மூன்று எண்கள் முக்கியம். பழுதாகி வேறு இடத்துக்கு மாற்றப்பட்ட செக்டர்கள், அதாவது டிஸ்கில் தரவு இருக்கும் சிறு துண்டுகள், 184. படிக்க முடியாமல் முடிவுக்காகக் காத்திருக்கும் செக்டர்கள் 96. டிஸ்க் இதுவரை ஓடிய மணிநேரம் 10,240. முதல் இரண்டும் நல்ல டிஸ்கில் பூஜ்யமாக இருக்கும். விண்டோஸிலேயே பார்க்க விரும்புவோருக்குக் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் இதைக் காட்டும். ஆனால் அது எண்களைப் பதினாறடிமான முறையில் காட்டுவதால் சிலர் குழம்புவார்கள். அமைப்பில் போய்ப் பத்தடிமானத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

அப்டேட்தான் டிஸ்கைக் கெடுத்ததா? பேரன் இதைத்தான் மனதில் போட்டு அழுத்திக்கொண்டிருந்தான், தான் செய்ததால் பாட்டியின் பாட்டு போய்விட்டது என்று. அதனால் இந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் தேடினேன். ஸ்மார்ட் பதிவில் ஒவ்வொரு படிக்கும் பிழையும் டிஸ்க் எத்தனையாவது மணிநேரத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது வந்தது என்று எழுதப்பட்டிருக்கும். விரிவான பிழைப் பதிவில் இருந்ததிலேயே பழையது 9,610-ஆம் மணிநேரத்தில் வந்திருந்தது. அதாவது 630 மணிநேரத்துக்கு முன். அந்த வீட்டில் கணினி ஒரு நாளைக்கு ஆறேழு மணிநேரம் ஓடும். அப்டேட் செய்து ஒரு மாதம்தான் ஆகிறது, அதற்குள் ஓடியது, இரவு பகலாக எரியவிட்ட நாள்களையும் சேர்த்து, இருநூற்றைம்பது மணிநேரத்தைச் சுற்றித்தான் இருக்கும். ஆகஸ்ட் கடைசி வாக்கிலேயே டிஸ்க் பழுதாகத் தொடங்கிவிட்டது. அப்டேட் பல ஜிபி தரவை எழுதி, வருடக்கணக்கில் தொடாத இடங்களையும் தொட்டதால் பழுது வெளியே தெரிந்தது.

இதைப் பேரனை உட்காரவைத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். "அப்ப நான் டிஃப்ராக் ஓட்டுனது, அங்கிள்?" என்று கேட்டான். அது உதவி செய்திருக்காது, பழுதான டிஸ்கில் தரவை இடம் மாற்றுவது ஆபத்துதான். ஆனால் எதையாவது கெடுத்ததா என்பதற்கு எந்தச் சான்றும் இல்லை என்று உள்ளதைச் சொன்னேன்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

விண்டோஸோடு வரும் செக்டிஸ்க் என்ற டிஸ்க் சோதனையை ஓட்டவில்லை. இணையத்தில் இந்தப் பிழைக்கு முதலில் சொல்லப்படும் மருந்து அதுதான். பழுதான இடங்களைத் தேடி டிஸ்க் முழுவதையும் அது படித்து, கோப்பு அமைப்பில் திருத்தமும் எழுதும். சாகக் கிடக்கும் டிஸ்கில், நகல் எடுப்பதற்கு முன் அதைச் செய்யக்கூடாது. கடைசி மூச்சைச் சோதனையில் செலவழிப்பதற்குச் சமம்.

முதலில் பாட்டுக் கோப்புறையை மட்டும் என்னுடைய வெளி டிஸ்குக்கு நகல் எடுத்தேன். டிஸ்க் எப்போது நிற்கும் என்று தெரியாதபோது, திரும்பக் கிடைக்காதது முதலில் வெளியே வர வேண்டும். ஐம்பது நிமிடம் ஆனது. மூன்று ஒலிக்கோப்புகள் முழுதாக வரவில்லை. அடுத்து ஆவணங்கள், மருமகளின் கணக்கு, புகைப்படங்கள்.

புதிய கணினி வாங்குவதை வேண்டாம் என்று முடிவு செய்தோம். பிராசசரும் தாய்ப்பலகையும் நன்றாக இருக்கின்றன, பழுது டிஸ்கில் மட்டும்.

விண்டோஸைச் சுத்தமாக நிறுவுவதா, டிஸ்கை அப்படியே குளோன் செய்வதா? பழுதான டிஸ்கைக் குளோன் செய்தால் சில விண்டோஸ் கோப்புகளும் பழுதோடு வரும், அதனால் சாதாரணமாக நான் சுத்தமாக நிறுவுவதையே விரும்புவேன். இங்கே குளோன் செய்தது டீச்சரின் பழைய தமிழுக்காக. எந்த ஆவணம் எந்த எழுத்துருவில் இருக்கிறது என்று அவருக்கே முழுதாக நினைவில்லை. இருபது வருடங்களில் கணினிக்குக் கணினி நகர்ந்து வந்த எழுத்துருக்கள் விண்டோஸுக்குள்ளே எங்கெங்கோ இருந்தன. கோப்புகளை மட்டும் காப்பாற்றி எழுத்துருக்களைத் தொலைத்திருந்தால், பாதியை இழந்த மாதிரிதான்.

இன்னொன்றும் பார்த்துக்கொண்டேன், டிஸ்க் குறியாக்கம், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி தரவைப் பூட்டிவைப்பது. விண்டோஸ் 11 உள்ள பல கணினிகளில் இது இயங்கிக்கொண்டிருக்கும், உரிமையாளருக்கே தெரியாது. அப்படி இருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி கையில் இல்லாமல் டிஸ்கைக் கழற்றக்கூடாது. இங்கே குறியாக்கம் இல்லை.

பகலில் கணினியை அணைத்து டிஸ்கை ஆறவிட்டு, செந்தூல் தீமோரில் எல்ஆர்டி பிடித்து, ஹாங் துவாவில் மோனோரயில் மாறி, புக்கிட் பிந்தாங்கின் லோ யாட் பிளாசாவுக்குப் போய் வந்தேன். சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்கான எஸ்.எஸ்.டி. 1 டிபியில் ஒன்று, 8 ஜிபி டிடிஆர்4 ரேம், எஸ்.எஸ்.டி.யை யூஎஸ்பியில் இணைக்க ஓர் உறை. மொத்தம் 465 ரிங்கிட். எஸ்.எஸ்.டி. வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். டிஸ்கை அப்படியே பிரதி எடுப்பதென்றால் புதியது பழையதைவிட ஒரு பைட்கூடச் சிறியதாக இருக்கக்கூடாது. 960 ஜிபி என்று விற்பது இதற்கு ஆகாது.

பிரதி எடுத்த இரவு

டிடிரெஸ்க்யூ என்ற லினக்ஸ் கருவியைப் பயன்படுத்தினேன். சாதாரணக் குளோன் மென்பொருள் பழுதான செக்டரில் முட்டினால் அங்கேயே நின்று போராடும், அல்லது நிறுத்திவிடும். இது எளிதாகப் படிக்க முடிவதையெல்லாம் முதலில் அள்ளிவிட்டு, முரண்டு பிடிக்கும் இடங்களைக் குறித்து வைத்துக்கொண்டு கடைசியில் திரும்பி வரும். எதைப் படித்தாயிற்று, எதை இல்லை என்பதை ஒரு வரைபடக் கோப்பில் எழுதிக்கொண்டே போகும். அந்த வரைபடக் கோப்பை என் வெளி டிஸ்கில் வைத்தேன். பென்டிரைவிலிருந்து ஓடும் லினக்ஸில் வைத்தால் அது ரேமில்தான் இருக்கும், மின்சாரம் போனால் அதுவும் போகும்.

மதியம் ஒன்றேகாலுக்குத் தொடங்கினேன். மேசை விசிறியை டிஸ்க் இருக்கும் பக்கம் திருப்பி வைத்தோம். நாலரைக்கு மேல் நவம்பர் மாதத்துக்கே உரிய இடிமழை. நாலே முக்காலுக்கு மின்சாரம் போனது. ஏழு வருடப் பேட்டரி, நான் கட்டளையை நிறுத்துவதற்குள் கணினி அணைந்துவிட்டது. ஐம்பது நிமிடம் இருட்டில் உட்கார்ந்திருந்தோம். மருமகள் முறுக்கும் தேநீரும் கொண்டுவந்து வைத்தார், யாரும் கை வைக்கவில்லை.

மின்சாரம் வந்ததும் அதே கட்டளையைக் கொடுத்தேன். வரைபடக் கோப்பைப் படித்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. அன்றைக்கு நான் செய்தவற்றில் மிகச் சரியான முடிவு எது என்று கேட்டால், அந்த ஒரு சின்னக் கோப்பை வெளி டிஸ்கில் வைத்ததைத்தான் சொல்வேன்.

முதல் சுற்று இரவு எட்டரைக்கு முடிந்தபோது 38 எம்பி மிச்சம். பிறகு மூன்று மறுமுயற்சிகள், விடிகாலை ஐந்து மணி வரை. கடைசியில் படிக்கவே முடியாமல் நின்றது 412 கேபி. காத்திருக்கும் செக்டர் எண்ணிக்கை இதற்கிடையே 96லிருந்து 103 ஆகியிருந்தது. பிரதி எடுக்கும்போதே டிஸ்க் தேய்ந்துகொண்டிருந்தது என்பதற்கு அந்த ஏழு செக்டர்களே சாட்சி.

என்ன மிஞ்சியது, என்ன போனது

412 கேபி எந்தெந்தக் கோப்பில் விழுந்தது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் விட மனம் வரவில்லை. புதிய எஸ்.எஸ்.டி.யில், படிக்க முடியாமல் போன இடங்களில் மட்டும் ஓர் அடையாளச் சொல்லை நிரப்பினேன். டிடிரெஸ்க்யூவே இதைச் செய்யும். பிறகு அந்தச் சொல் எந்தக் கோப்புகளில் இருக்கிறது என்று தேடினேன். ஏழு கோப்புகள். நான்கு விண்டோஸுக்குச் சொந்தமானவை. இரண்டு புகைப்படங்கள், ஒன்றில் கீழ்ப்பாதி சாம்பல் நிறம். ஓர் ஒலிக்கோப்பு.

காலையில் முழுதாக வராத மூன்று பாட்டுகளில் இரண்டு, மறுமுயற்சியில் முழுதாக வந்துவிட்டன. மூன்றாவது அந்தத் தாலாட்டு. நடுவே ஒரு விநாடிக்கும் குறைவாக ஓர் இடைவெளி. இரண்டாம் கண்ணியில் ஒரு சொல் போய்விட்டது. டீச்சரிடம் காதொலிப்பானைக் கொடுத்துக் கேட்கச் சொன்னேன். கேட்டுவிட்டு, போன சொல்லை அவரே சொன்னார். தட்டச்சு செய்த வரியிலும் அது இருந்தது.

வேகம்

பழைய டிஸ்கைக் கழற்றி எஸ்.எஸ்.டி.யைப் பொருத்தினேன். இரண்டையும் ஒரே நேரத்தில் இணைத்து விண்டோஸை எழுப்பவில்லை. அச்சு அசலாக ஒரே அடையாளம் கொண்ட இரு டிஸ்குகளைக் கண்டால் விண்டோஸ் ஒன்றை ஒதுக்கிவைக்கும். பழுதான நான்கு விண்டோஸ் கோப்புகளையும், விண்டோஸிலேயே இருக்கும் டிஸ்ம், எஸ்எஃப்சி என்ற இரண்டு பழுதுபார்க்கும் கட்டளைகளால் சரிசெய்தேன். டிஸ்ம் முதலில், எஸ்எஃப்சி அடுத்து.

எஸ்.எஸ்.டி.யையும் ரேமையும் ஒன்றாகப் போடாமல் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டு அளந்தேன். எது எவ்வளவு உதவுகிறது என்று தெரிந்தால் அடுத்து கேட்பவர்களுக்குச் சொல்லலாம். எஸ்.எஸ்.டி. மட்டும், 4 ஜிபி ரேமோடு: சுவிட்ச் போட்டதிலிருந்து பிரவுசர் வரை 48 நொடி. கூடவே 8 ஜிபி ரேம் சேர்த்து 12 ஜிபி ஆனபோது: 41 நொடி. எழும் வேகத்தில் ரேம் தந்தது ஏழே நொடி. ஆனால் பேரன் வழக்கம்போல் பிரவுசரில் பத்துப் பக்கம், ஒரு காணொளி, ஒரு ஆவணம் என்று திறந்தபோது வித்தியாசம் தெரிந்தது. 4 ஜிபியில் பக்கம் மாற்றும் ஒவ்வொரு முறையும் ஒரு தயக்கம், ரேம் 93 விழுக்காடு. 12 ஜிபியில் தயக்கமே இல்லை, பாதி ரேம் சும்மா இருந்தது. பணம் ஒன்றுக்கு மட்டும்தான் இருக்கிறது என்றால் எஸ்.எஸ்.டி. முதலில், சந்தேகமே வேண்டாம்.

டிஸ்க் பதில் நேரம் ஒற்றை இலக்க மில்லிநொடிக்கு வந்தது.

மறுபடி செய்தால்

முதல் நாளே, எதையும் நீக்குவதற்கு முன், ஸ்மார்ட் பதிவைப் பார்ப்பேன். ஐந்து நிமிட வேலை. அதைச் செய்யாததால் நவம்பர் 15லிருந்து 19 வரை, என் சொல்லைக் கேட்டே, அந்தக் கணினி இரவு பகலாக ஓடியது. தாலாட்டில் போன சொல் அந்த நான்கு நாளில்தான் போனதா, அதற்கு முன்பே போயிருந்ததா என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது. முன்பே பார்த்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

கோப்புகளைப் பற்றியும் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். கணினி எவ்வளவு மெதுவாக இருக்கிறது என்றுதான் கேட்டேன். உள்ளே என்ன இருக்கிறது, வேறெங்காவது நகல் இருக்கிறதா என்று கேட்கவில்லை. டீச்சர் பாட்டு பதிவு செய்தது எனக்குத் தெரியும். வகுப்பில் சில பாட்டுகளைப் போட்டுக் காட்டியிருக்கிறார். அது இந்தக் கணினியில் மட்டும் இருக்கிறது என்பதுதான் தெரியாது. இப்போது யாராவது 'கணினி ஸ்லோவா இருக்கு' என்று கூப்பிட்டால் வேகத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் இந்த இரண்டையும் கேட்கிறேன்.

டாஸ்க் மேனேஜரில் 100 விழுக்காடு என்பதை மட்டும் பார்க்காமல், அதன் கீழே இருக்கும் பதில் நேரத்தையும் நகரும் தரவின் அளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 100 விழுக்காடு, நொடிக்கு 80 எம்பி என்றால் டிஸ்க் உழைக்கிறது. 100 விழுக்காடு, நொடிக்கு ஒரு எம்பி, பதில் நேரம் ஆயிரத்துக்கு மேல் என்றால் உடனே நகல் எடுங்கள்.

வெளி டிஸ்கில் நகல் இருந்திருந்தால், முதல் நாள் நான் செய்த தவறு தவறாகவே ஆகியிருக்காது. அப்டேட்டுக்கு முன் நகல் எடுக்கச் சொல்வது எல்லாரும் சொல்லும் அறிவுரை. இந்த வீட்டுக்கு அதைச் சொல்ல வேண்டியவன் நான், ஒவ்வொரு தீபாவளிக்கும் அங்கே போகிறவன். சொல்லவில்லை.

2026 ஜனவரி 24

இரண்டு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தேன். எழும் நேரம் 43 நொடி. எஸ்.எஸ்.டி.யின் உடல்நிலைப் பதிவில் குறை ஏதும் இல்லை. பாட்டுக் கோப்புறை இப்போது மூன்று இடத்தில் இருக்கிறது: கணினியில், டீச்சரின் அலமாரியில் உள்ள வெளி டிஸ்கில், கிள்ளானில் இருக்கும் அவருடைய மகள் வீட்டில் இன்னொரு வெளி டிஸ்கில். மாதம் ஒரு முறை பேரன் நகலைப் புதுப்பிக்கிறான், தேதியைக் காலண்டரில் குறிக்கிறான்.

திஸ்கி ஆவணங்களை யூனிகோடுக்கு மாற்றும் வேலையை அவனும் டீச்சரும் சேர்ந்து தொடங்கியிருக்கிறார்கள். மாற்றியதும் வரிவரியாகப் பாட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள், அதனால் மெதுவாகத்தான் நகர்கிறது. நான் போனபோது பதினான்கு பாட்டு முடிந்திருந்தது. பந்திங் தாலாட்டின் இரண்டாம் கண்ணியில், ஒலியில் இல்லாத அந்தச் சொல்லின் பக்கத்தில் டீச்சர் ஒரு உடுக்குறி போட்டு, பதிவான தோட்டத்தின் பெயரையும் வருடத்தையும் அடியில் எழுதச் சொல்லியிருந்தார். பழைய ஹார்ட் டிஸ்கை உறையில் போட்டு, 103 என்ற எண்ணையும் தேதியையும் எழுதி நான் வைத்திருக்கிறேன்.